கிள்ளானில் போட்ட மூன்று கையெழுத்து

ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்த மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் ஒரே ஆளுக்குத்தான், தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் தகப்பனுக்கு. முதலில் புருஷன் வந்து, "உங்க மக அடங்காப்பிடாரி, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று எழுதச் சொன்னான். அவன் தலை மறைந்ததும் அவள் வந்து, "உங்க மருமகன் கள்ளுக்கடையே கதின்னு கிடக்கான், என்னை மீட்டுட்டுப் போங்கப்பா" என்று எழுதச் சொன்னாள். அவர் இரண்டையும் எழுதிப் படித்துக் காட்டினார். முதல் கடிதத்தைக் கேட்டால் அவள்மேல் கோபம் வந்தது, இரண்டாவதைக் கேட்டால் அழுகை வந்தது. எங்களுக்கு நடுவில் இருந்தது பலகைச் சுவர்தான், எல்லாம் காதில் விழும். இரண்டு கடிதத்தின் அடியிலும் அவரவர் பெயரை அவரே போட்டுக் கொடுத்தார். அவர்களுக்கு எழுத்து தெரியாது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னண்ணே, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீங்களே?" என்று கேட்டேன்.

"நான் யாரையும் கிள்ளலையே தங்கச்சி. கை என்னுது, சொல்லு அவங்களுது."

இதை அவர் வாயிலிருந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்குக் கட்டிய பலகை வீடுகளில் எங்களுடையது கடைசிக்கு முந்தினது, அவருடையது கடைசி. என் வீட்டுக்காரர் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பக்கத்து வீட்டு அண்ணன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுகிறவர், தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமையானால் செந்தூலிலிருந்தும் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து அவர் வாசலில் குந்தியிருப்பார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு ஒரே மூச்சில் எழுதுவார். சொன்னவனே பேசுகிற மாதிரி இருக்கும், திக்குவாய்க்காரன் என்றால் கடிதமும் கொஞ்சம் திக்கும். கூலி வாங்க மாட்டார். கருவாடு, வாழைப்பழம் என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். அவருக்குச் சமைக்கத் தெரியாது, எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அந்த வகையில் ஊரார் கடிதத்தில் நாங்களும் சாப்பிட்டோம்.

நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று இரண்டு பேருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். நடுவில் என் புத்திமதியும் நுழைந்துவிட்டது. ஊரிலிருந்து, 'நீ எப்போதிருந்து இப்படிப் பேசக் கற்றுக்கொண்டாய்' என்று திட்டிப் பதில் வந்ததாம். அதோடு அந்தத் தொழிலை விட்டேன்.

அவரால் முடியாதது ஒன்றே ஒன்று. யாராவது எழுதிக் கொடு என்றால் மாட்டேன் என்று சொல்ல வராது. ஒரு தடவை கூட்ஸ் ஷெட்டில் கூலியாட்களை மேய்க்கிற மண்டோர் வந்து உட்கார்ந்தான். தலைமை குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு ஒரு புகார் எழுத வேண்டும் என்றான். யார் மேல் என்று பார்த்தால் இவர்மேலேயே! மூட்டை எண்ணுகிறவர் வேலை நேரத்தில் தூங்குகிறார், எண்ணிக்கை தவறுகிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு போகிறான், இவரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்ததும், "போன மாசம் அரிசி மூட்டை நனைஞ்சதைச் சேர்க்கலையே?" என்று ஞாபகப்படுத்தி அதையும் எழுதினார். மண்டோருக்கு வெட்கம் வந்ததோ என்னவோ, கடிதத்தை மடித்துப் பையில் வைத்தவன் கடைசிவரை கொடுக்கவேயில்லை. நான் சண்டை போட்டேன். "இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா? உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்களேண்ணே." அவர் சிரித்துக்கொண்டு பேனா நிப்பைத் துடைத்தார்.

இந்தப் பழக்கம் அவருக்கு நாடகத்தில் வந்தது. ஊரில் பெரிய நாடகக் கம்பெனி ஒன்றில் பாடம் எழுதிக் கொடுக்கிறவராக இருந்தார். அந்தக் கம்பெனியின் ராஜபார்ட் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மேடையில் ஒரு அடி எடுத்து வைத்தால் கொட்டகை எழுந்து நிற்கும் என்பார்கள். அந்த மகாராஜனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டு நாடகத்தையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர். இது கம்பெனிக்குள் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். மேடையில் மெடல் குத்துகிற பெரிய மனிதர்கள், நாடக நோட்டீசில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். ராஜபார்ட் உள்ளே வந்து, "எனக்காகப் போடுய்யா" என்பார். இவர் போடுவார். அப்படி ஒரு எழுத்து! யானை தும்பிக்கையை வீசுகிற மாதிரி முதல் எழுத்தில் ஒரு சுழி, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கம்பெனி முதல் தடவை மலாயாவுக்கு வந்தபோது கிள்ளானில் இவருக்கு மலேரியா கண்டது. கப்பல் காத்திருக்காதே. இவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கம்பெனி போய்விட்டது. பிழைத்து எழுந்து, ரயில்வேயில் ஒட்டிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து அதே கம்பெனி மறுபடி கோலாலம்பூர் வந்து, எங்கள் பக்கத்து மைதானத்தில் கொட்டகை போட்டது. மறுநாளே ஒரு ஆள் கட்டுக் கட்டாக ரோஸ் நிற நோட்டீஸ் கொண்டுவந்து அவர் வீட்டில் இறக்கினான். அவர் தரையில் பாயை விரித்து வரிசையாக ராஜபார்ட் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"இது கள்ளக் கையெழுத்து இல்லையாண்ணே?"

அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "ராஜபார்ட் சொல்றார், நான் போடறேன். கண்ணு தெரியாதவரைக் கையைப் பிடிச்சு சடக்கைத் தாண்டி விட்டா, தாண்டினது யாரு? அவருதானே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில சொல்லிடாதே தங்கச்சி. அவர் கூச்சப்படுவார்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு அதில் இருந்த ரகசியம்.

கடைசி நாள் நாடகத்தில் அந்த நோட்டீஸ்களைக் கோயில் ஏலம் மாதிரி ஏலம் விட்டார்கள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவக் கூவ விலை ஏறியது. கிள்ளான் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் மூன்று நோட்டீஸ் எடுத்தார். ஒவ்வொன்றும் பதினைந்து வெள்ளி. என் வீட்டுக்காரர் பாதி மாதம் நெருப்பில் வேகிற கூலி அது. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். "உங்க சொந்தப் பேரைப் போட்டு ஏலம் விட்டா ஒரு காசு குடுப்பானா?" என்று சீண்டினேன். "என் பேரு யாருக்கு வேணும்?" என்றார். அதில் வருத்தம் இல்லை, கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ராஜபார்ட் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். வேஷம் இல்லாமல் பார்த்தால் குள்ளமான, அம்மைத் தழும்பு முகம். இவரிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். சாப்பாட்டு நேரம், இவர் வீட்டில் அடுப்பே இல்லை. நான்தான் கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். மனிதர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, ஒரு நோட்டீசைத் திருப்பிப் போட்டு, பென்சில் கேட்டார். வழக்கம்போல இவர் கையை நீட்டினார்.

"நீ உட்காருய்யா. இது நான் தின்ன சோறு, நானே போடறேன்" என்றார் ராஜபார்ட். "கப்பல்ல வரும்போது ஹார்மோனியக்காரர்கிட்ட கத்துக்கிட்டேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு, பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார். மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது, ஒன்றின்மேல் ஒன்று சாய்கிறது. வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆயிற்று. வேர்த்துவிட்டது அவருக்கு. "இதான் மொத மொதல்ல தாயி. யாருக்கும் காட்டாதே, சிரிப்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்தத் தாளைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த வருஷம் ஊரில் ராஜபார்ட் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. அதே சமயம்தான் கித்தா விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள், பிறகு ரயில்வேயிலும். என் வீட்டுக்காரருக்கு அதற்கு முன்பே மார்பில் சளி கட்டி இருமல் ஆரம்பித்திருந்தது. முதல் பட்டியலிலேயே அவர் பெயர் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. "நாகப்பட்டணம் போயிடலாம். எங்க ஆத்தா முகத்தைப் பாத்துட்டாப் போதும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை போனவர்களை ஊருக்கு அனுப்பச் சர்க்கார் விட்ட இலவசக் கப்பலில் தோட்டத்து ஆட்களுக்கு முதலிடம், எங்கள் முறை வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அவரிடம் ஆறு மாதம் இல்லை. என் தோடும் தாலிக்குண்டும் சாப்பாட்டுக்கே போயிருந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் தன் கையில் இருந்ததையெல்லாம் மருந்துக்கு முன்பே கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் ராஜபார்ட் கையெழுத்துக்குக் கிராக்கி என்று கேள்விப்பட்டேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள், இவர் இறந்த பிறகுதான் ஆயிரம் பொன். கிள்ளான் முதலாளி ஒரு நோட்டீசுக்கு ஐம்பது வெள்ளி கொடுக்கிறாராம், பினாங்கு, சிங்கப்பூர்ப் பணக்காரர்களுக்கு அதற்கு மேலும் விற்கிறாராம். ஊரே கஞ்சிக்கு அலைந்த காலத்தில் இப்படி. நான் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். உலகத்திலேயே அவர் தன் கையால் போட்டது இது ஒன்றுதான். இரண்டு டிக்கெட்டுக்கு இது போதாதா? எனக்குச் சந்தேகமே வரவில்லை. கிள்ளானுக்குத் துணைக்கு வாங்கண்ணே என்றேன். அவருக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வராதே.

ஜவுளிக்கடையில் முதலாளி உட்காரும் இடத்துக்கு மேலே மூன்று நோட்டீசும் கண்ணாடி போட்டு, மாலை போட்டு மாட்டியிருந்தன. முதலாளி நல்ல மனிதர்தான், கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். நான் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், மேலே இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? இதையா கையெழுத்துன்னு கொண்டாந்தே?"

"அவரே எங்க வீட்டுல உக்காந்து போட்டது முதலாளி. என் கண்ணு முன்னால போட்டாரு."

"யாரோ உன்னை ஏமாத்தியிருக்காங்கம்மா. அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா? தினம் கும்பிட்டுத்தான் கடை திறக்கிறேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், இவர் வாய் திறந்தால் செத்துப்போனவர் மானம் போகும். திறக்காவிட்டால் என் வீட்டுக்காரர் அந்தப் பலகை வீட்டு வாசலிலேயே சாக வேண்டும். கோப்பி ஆறி ஆடை படிந்தது. கடைசியில் இவர் எழுந்து நின்றார்.

"முதலாளி, மன்னிச்சுக்குங்க. மேல இருக்கிற மூணும் நான் போட்டது."

முதலாளி சிரித்தார். இவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, துணிக்கடை பில்லின் பின்னால் போட்டுக் காட்டினார். அதே சுழி, அதே கோடு. முதலாளி எழுந்து போய்ப் படத்தின் கீழே பில்லைப் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் ரொம்பச் சின்னதாகிப் போயிருந்தது. சமாதானப்படுத்தலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. கடைப் பையன்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"அப்ப இந்த அம்மா கொண்டாந்ததுதான் நெசம்?"

"ஆமாங்க. அது ஒண்ணுதான்."

முதலாளி என் தாளை இன்னொரு தரம் எடுத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணில் கொஞ்ச நேரம் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் வாங்க முடியாதும்மா. இது நெசம்னு ஒத்துக்கிட்டா, நான் பினாங்குக்கு வித்தது, சிங்கப்பூருக்கு வித்தது அத்தனையும் பொய்னு ஆகும். என் பேரு என்னாகும்?" என்றார். கொஞ்சம் யோசித்து இவர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு செய்யலாம். பினாங்குக்காரர் இன்னும் மூணு கேட்டிருக்கார். பழைய நோட்டீஸ் எங்கிட்ட இருக்கு. நீ போட்டுக் குடு. இந்த அம்மா டிக்கெட்டுக்கு வேண்டியதை இப்பவே எடுத்து வைக்கிறேன். சும்மா குடுத்தா நீ நாளைக்கு வெளியில பேசுவே. போட்டுக் குடுத்தா நாம ரெண்டு பேரும் ஒண்ணு."

அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டேன்.

"முடியாதுங்க முதலாளி."

"ஏன்? நூறு போட்டிருக்கியே?"

"அப்ப அவர் போடச் சொன்னாரு. இப்பச் சொல்ல அவர் இல்லையே. இப்பப் போட்டா அது கள்ளக் கையெழுத்து."

முதலாளி என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் நியாயமும் தெரியவில்லை, தர்மமும் தெரியவில்லை. எச்சில் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் என்ன கொண்டுவருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் முகம்தான் தெரிந்தது. இந்த மனிதருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது என்பது எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"நான் சொல்றேண்ணே. எனக்காகப் போடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடிதம் எழுத வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கும்போது மூடுவாரே, அப்படி. பிறகு பேனாவை எடுத்தார். மூன்று நோட்டீஸ், மூன்று கையெழுத்து. முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து ஊதி உலர்த்தினார்.

கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "காலையிலேர்ந்து பசியாறலையே நீ" என்று சொல்லி ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். நான் அதையும் தின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து குந்தினார்கள். வேலை போனவர்கள், ஊருக்குத் திரும்பி வருகிறோம் என்று எழுத வேண்டியவர்கள், என்றைக்கும்விட அதிகக் கூட்டம். "கண்ணு சரியில்லப்பா" என்று அவர் சொல்வது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதை எல்லாரும் நம்பினார்கள். சிலர் என் வாசலுக்கு வந்து எழுதிக் கேட்டார்கள். என் புத்திமதி எதுவும் நுழையாமல் எழுதிக் கொடுத்தேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வாசல்வரை போய்த் திரும்பினேன். கேட்டிருந்தால், மன்னிக்க மாட்டேன் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. அதனாலேயே கேட்கவில்லை.

நாங்கள் புறப்பட்ட அன்று அவர்தான் பெட்டியைக் கட்டினார். என் வீட்டுக்காரரை முதுகில் சுமந்துகொண்டு ஸ்டேஷன்வரை வந்தார். துறைமுகம் வரைக்கும் கூடவே வந்து, கப்பலில் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் பாயை விரித்துவிட்டு இறங்கினார்.

என் வீட்டுக்காரர் தன் ஆத்தா முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்பது நாள் இருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, கிள்ளானைப் பற்றியும் ஒரு வரி எழுதி, அதற்கு மேல் எழுத வராமல் நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. யாரோ கடைக்காரப் பிள்ளை எழுதியிருக்க வேண்டும், கோணல்மாணலான எழுத்து. 'தங்கச்சிக்கு எழுதிக்கொள்வது. நான் சுகம். மச்சான் சேதி கேட்டு ரொம்ப வருத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கிள்ளான் போனதை நினைக்க வேண்டாம்.' அவ்வளவுதான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அதன் பக்கத்தில், 'இது இன்னார் கைநாட்டு' என்று அந்தக் கடைக்காரப் பிள்ளை எழுதியிருந்தான்.

என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகனை முதுகில் சுமந்து வந்தவர் அவர் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த ரேகையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பாவம், எழுத்து தெரியாத மனுஷன் போலிருக்கு."

"ஆமாம் அத்தை" என்றேன்.